ஆரு போனுக்கு வரும்?

உக்காருங்க அம்மிணி. நின்னுட்டே இருந்தா மட்டும் சர்வர் வந்துருமா? காத்தாலயிருந்து இப்பிடித்தான், வர்றதும் போறதுமா இருக்குது. மாமனார் வூட்டுல கோவிச்சுக்கிட்ட மாப்பிள்ளையாட்டம், கூப்புடக் கூப்புட வராது, தானா வந்தாத்தான் உண்டு. பையை மடியில வெச்சுக்குங்க. காத்தாடிக்குக் கீழ வேணும்னா அந்தச் சேரை இழுத்துப் போட்டுக்குங்க.

நம்பரு மாத்தத்தானே வந்தீங்க? ஆதார்ல செல் நம்பரு? அதான பாத்தேன். மூஞ்சியப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சுருமுங்க. பேரு திருத்த வர்றவங்க கோவமா வருவாங்க. வெலாசம் மாத்த வர்றவங்க பை நெறையக் காயிதத்தோட வருவாங்க. நம்பரு மாத்த வர்ற பொம்பளைங்க இப்பிடித்தான், கதவோரமா நின்னுட்டு வாசலைத் திரும்பித் திரும்பிப் பாத்துட்டு இருப்பாங்க. இருங்க இருங்க, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். வெவரமெல்லாம் சர்வர் வந்ததும் கேட்டுக்கறேன்.

வெளிய வேப்பமரத்தடியில வண்டி மேல உக்காந்திருக்காரே, அவரு உங்க வூட்டுக்காரருங்களா? இருக்கட்டும். இந்தக் கண்ணாடிக்கு அக்கட்டால நம்ம பேசறது கேக்காது. பக்கத்துச் சீட்டுக்காரரு சாப்பிடப் போயிட்டாரு. சர்வர் வர்ற வரைக்கும் ஒரு சேதி சொல்றேன், கேளுங்க. உங்ககிட்ட மட்டுமில்லீங்க, நம்பரு மாத்த வர்ற பொம்பளைங்க எல்லார்த்துகிட்டயும் சொல்றனுங்க. பாதியில எந்திரிச்சுப் போனவங்களும் உண்டு. ஒரு அம்மா, 'இந்தச் சேர்ல உக்காந்துட்டு என்ன பேச்சுப் பேசற, உம்மேல எழுதிப் போடறேன்'னு சத்தம் போட்டுச்சு. போடட்டுமுங்க. எனக்கு அது தேவைதான்.

எம்பேரு துளசிமணி. ஊரு பெருந்துறைப் பக்கம். எங்கூட்டுக்காரரு லாரி ஓட்டறவரு. ஒருக்கா நாக்பூருக்கு லோடு எடுத்துட்டுப் போனாரு, லாரி திரும்பி வந்துருச்சு, அவரு வரலை. அங்கயே ஒரு குடும்பம் ஆயிருச்சுன்னு கேள்வி. நல்லா இருக்கட்டும். புள்ளை குட்டி இல்லை. கேக்கறதுக்கு ஆளில்லை, எங்கிட்ட இருக்கற போனை எடுத்துப் பாக்கறதுக்கும் ஆளில்லை. முந்தியெல்லாம் அதை நெனச்சு அழுவேன். இப்ப அதுதான் எத்தனை பெரிய வசதின்னு தெரியுது.

தனியா இருக்கறவளுக்குப் போனுதான தொணை. கோலம் பாக்கப் போயி, சமையல் பாக்கப் போயி, ஒண்ணுலயிருந்து ஒண்ணு தாவி, 'அந்திமல்லி'ன்னு ஒரு தளத்துல போய் வுழுந்தேன். பதினெட்டு வயசுக்கு மேல இருக்கறவங்களுக்கு மட்டும்னு முகப்புலயே போட்டிருந்தாங்க. என்ன தளம்னு நான் சொல்லோணுமா, உங்களுக்கே புரியும். கதவைச் சாத்தின பின்னால நடக்கறதைக் கதையா எழுதற எடம். மூஞ்சியச் சுளிக்காதீங்க அம்மிணி. ஆம்பளைங்க எழுதறது ஒரு தினுசு, அதையெல்லாம் நான் எட்டிக்கூடப் பாக்கலை. செரி, ஒருக்கா ரெண்டுக்கா பாத்தேன். ஆனா அதுக்குள்ள பொம்பளைங்களுக்குன்னு தனியா ஒண்ணு இருந்துச்சுங்க. 'உள்ளறை'ன்னு பேரு. அங்க எழுதறது வேற. புருசன்கிட்டச் சொல்ல முடியாதது, அக்கா தங்கச்சிகிட்டச் சொல்ல முடியாதது, டாக்டரம்மாகிட்டப் போய் உக்காந்து வாய் வரைக்கும் வந்து முழுங்கிட்டு வர்றது, அதெல்லாம் அங்க கதையா வரும். சிரிப்பாணியும் இருக்கும். நெம்பச் சிரிப்பாணி இருக்கும்.

ஒருத்தருக்கும் நெசப் பேரு கெடையாது. நானு 'வரக்காப்பி'. எனக்குப் பாலு சேராது, அதனால வெச்ச பேரு. கொஞ்ச நாள்ல என்னையவே அந்த உள்ளறைக்குக் காவல் போட்டுட்டாங்க. சண்டை வந்தா வெலக்கறது, கண்டதைப் போட்டா எடுக்கறது, புதுசா வர்றவங்களை உள்ள விடறது, எல்லாம் நாந்தான். சம்பளம் கிம்பளமெல்லாம் இல்லைங்க. 'வரக்காப்பி அக்கா சொன்னாச் செரி'ம்பாங்க. அந்த வார்த்தைக்கே கெடந்தேன்.

உள்ள வர்றவங்க பொம்பளைதானா, வயசு வந்தவங்கதானான்னு பாக்கோணுமில்லீங்க? அதுக்கு நான் ஒரு வழி வெச்சிருந்தேன். 'உங்கூட்டுக் கேஸ் அடுப்புல எந்தப் பர்னரு செரியா எரியாது?'ன்னு கேப்பேன். அத்தனைதான். குடும்பம் நடத்தறவளா இருந்தாக் கொட்டித் தீத்துருவா. 'எடது பக்கத்துச் சின்னதுக்கா, பாலு பொங்கிப் பொங்கி அடைச்சுக்கிச்சு, ஊசியில குத்திக் குத்திப் பாத்துட்டேன், இவருகிட்டச் சொன்னா நாளைக்கு நாளைக்குங்கறாரு'ன்னு ஒரு பாட்டம் வரும். பொம்பளை வேசம் போட்டுட்டு வர்ற ஆம்பளை, 'எல்லாம் நல்லா எரியுது'ம்பான். அங்கயே கதவைச் சாத்திருவேன்.

ஒருக்காத் தப்பிருச்சுங்க. நல்லாப் பதில் சொல்லி உள்ள வந்தது ஒண்ணு, வந்த கையோட, 'நாளைக்குப் பிசிக்ஸ் பரிச்சை, முடிச்சுட்டு வர்றேன்'னுச்சு. கேட்டா, அம்மா படுத்த படுக்கையாமா, அடுப்படி அந்தப் புள்ளை கையிலதானாமா. அதே நிமிசம் வெளிய அனுப்பிக் கதவைச் சாத்துனேன். சாத்தினாலும் எனக்குச் சோறு எறங்கலை. எம் பர்னரு கேள்விக்கு மதிப்பு அத்தனைதான்னு அன்னிக்கித் தெரிஞ்சுது. ஆருகிட்டயும் சொல்லலை, நானா முழுங்கிட்டேன். அதனால ஒண்ணு சொல்லிர்றேன், வயசைச் செரியாப் பாக்கோணும்னு பின்னால அந்தத் தளத்துக்கு வந்த கம்பெனிக்காரங்க சொன்னாங்க பாருங்க, அதைத் தப்புன்னு நான் இன்னிக்கும் சொல்ல மாட்டேன். பாத்த விதத்துலதான் வந்துச்சு கெரகம்.

என்னங்க? இருங்க, கதையே இனிமேல்தான் ஆரம்பிக்குது.

உள்ளறையில 'கொழுஞ்சி'ன்னு ஒரு புள்ளை எழுதிட்டு இருந்தா. காட்டுல மொளைக்குமே, ஊதாப் பூ பூக்கும், அந்தச் செடிப் பேரு. நெசப் பேரு எனக்குத் தெரியாது. அவ எழுதின ஒரு கதையச் சொல்றேன், அசிங்கமா ஒண்ணும் இருக்காது, பயப்படாதீங்க. கல்யாணமாகி நெம்ப வருசமான ஒருத்தி. அவ வூட்டுக்காரரு பக்கத்துல வர்றதுக்கு முந்தி லைட்டை அணைச்சுருவாரு. ஒரு நா கூடத் தப்பாது. ஒருக்கா அவ, 'லைட்டு எரியட்டுமுங்க, எனக்கு உங்க மூஞ்சியப் பாக்கோணும்'ங்கறா. கதை அங்கயே முடிஞ்சுருது. அவரு லைட்டை உட்டாரா அணைச்சாரான்னு கூட அவ எழுதலை. அதைப் படிச்சுட்டு உள்ளறையே அழுதுச்சுங்க. நானும் அழுதேன். எனக்கு எதுக்கு அழுகை வந்துச்சுன்னு தெரியலை, எங்கூட்டு லைட்டை நாந்தான போடறேன், நாந்தான அணைக்கறேன்.

எங்கிட்டத் தனியாப் பேசுவா. 'அக்கா, சன்னலைத் தொறந்தாக் காத்தாலை ரெக்கை சுத்தறது தெரியுமுங்க்கா, அதையே பாத்துட்டு நின்னா ஒரு கதை வந்துரும்'பா. 'வெசாளக்கெழமை சந்தைக்குப் போனேன், தக்காளிக்காரி ஒண்ணு சொன்னா, அதை எழுதட்டுமா'ம்பா. ஊரு பேரு சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. ஆனா காத்தாலை, வெசாளக்கெழமை சந்தை, வாய்க்காத் தண்ணின்னு அவ பேசப் பேச எனக்கு ஊரு புடிபட்டுப் போச்சு. நான் இப்ப உக்காந்திருக்கறது எந்த ஊருன்னு நெனைக்கறீங்க?

அந்தத் தளத்தை நடத்துனது மலேசியாவுல இருக்கற ஒருத்தரு. அவரு ஒரு நாளு 'அன்பு உறவுகளே'ன்னு ஆரம்பிச்சு ஒரு அறிவிப்புப் போட்டாரு. அன்பு உறவுகளேன்னு ஆரம்பிச்சாலே பின்னால ஏதோ ஒரு ஏமாத்து இருக்கும். நெனச்ச மாதிரியே வித்துட்டாராமா. பெங்களூருல ஏதோ ஒரு கம்பெனி வாங்கிருச்சாமா. ஒரு வார்த்தை முன்ன பின்னச் சொல்லலை. கறவை மாட்டை வித்தாக்கூட கட்டிப் பால் கறந்தவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுவாங்க.

கம்பெனியிலயிருந்து ரித்திகான்னு ஒரு புள்ளை எனக்குப் பேசுச்சு. 'மேம், நீங்கதான் இந்த கம்யூனிட்டியோட ஹார்ட்'னுச்சு. என்னைய ஒருத்தரும் மேம்னு கூப்புட்டதில்லைங்க. இந்தக் கவுண்டர்ல 'ஏம்மா'தான், மிஞ்சிப் போனா 'ஏனுங்க மேடம், இன்னும் எத்தனை நேரம்'. அந்தப் புள்ளை வார்த்தைக்கு வார்த்தை மேம். எனக்குக் குளுந்து போச்சு. இல்லைன்னு சொன்னாப் பொய்யி.

அப்பறம் மெல்ல ஆரம்பிச்சா. எழுதறவங்க, படிக்கறவங்க அத்தனை பேரும் வயசுக்கு ஆதாரம் காட்டோணும். சட்டம் அப்பிடியாமா, கம்பெனி பேருக்கு ஒண்ணும் வந்துரக் கூடாதாமா. ஆதார் நம்பரைப் போட்டா ஒரு ஓடிபி வரும், அதைப் போட்டாப் போதும். உள்ளறையில முக்காவாசிப் பேரு மாசக் கடைசிக்குள்ள போடலைன்னா உள்ளறையவே மூடிருவாங்களாமா. நானு எம் பர்னரு கேள்வியச் சொன்னேன். 'சோ க்யூட், மேம்'னு சிரிச்சா. அந்தப் பரிச்சைப் புள்ளை நெனப்பு வந்துருச்சு, நானும் வாயை மூடிட்டேன்.

உள்ளறையில ஒரே பயம். 'ஆதாரா? நெசப் பேரு தெரிஞ்சுருமே அக்கா', 'எங்க மாமியா காதுக்குப் போனா என்னைய உசுரோட வெக்க மாட்டாங்க', 'நான் எழுதறதையே நிறுத்திக்கறேன்'. ஒவ்வொருத்தியாக் கழண்டு போறாளுங்க. வூட்டுக்குப் போனா வெறுஞ்செவுரு, அந்த உள்ளறைதாங்க எனக்குக் குடும்பம். ரித்திகா கேட்டா, 'மேம், அவங்க உங்களை நம்புவாங்க, நீங்க ஒரு போஸ்ட் போடுங்க'ன்னு. போட்டேன். 'நானே குடுத்துட்டேன் கண்ணுகளா. ஓடிபி வந்துச்சு, போட்டேன், முடிஞ்சுது. கருவேப்பிலை உருவற நேரந்தான். வரக்காப்பி சொல்றேன், ஒண்ணும் ஆகாது'ன்னு போட்டேன்.

பொய்யில்லைங்க அது. நெசமாலுமே குடுத்தேன். எனக்கு எம்போனுக்கு வந்துச்சு. எம்போனு எங்கையில இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் ஆகலை.

கொழுஞ்சி மட்டும் தனியாக் கேட்டா. 'அக்கா, அந்த ஓடிபி ஆரு போனுக்கு வருமுங்க்கா?'ன்னு. நானு, 'ஆதார்ல இருக்கற நம்பருக்குக் கண்ணு, உன்ற நம்பருக்குத்தான்'னு சொன்னேன். 'அப்பச் செரீங்க்கா'ன்னா. அத்தனைதான் பேச்சு.

இப்ப நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு தெரியுது. இந்தக் கவுண்டர்ல உக்காந்திருக்கறவளுக்கு அது தெரியாதான்னுதான? இந்த ஆதார் வந்த புதுசுல பள்ளிக்கூடத்துல கேம்ப் போடுவாங்க. கூட்டம்னா அப்பிடியொரு கூட்டம். பொம்பளைங்களுக்கு அப்ப ஏது போனு? 'செல் நம்பரு சொல்லுங்க'ன்னா முழிப்பாங்க. பின்னால நிக்கறவங்க தள்ளுவாங்க. நானே, 'வூட்டுக்காரரு நம்பரு சொல்லுங்க, இல்லாட்டி மகன் நம்பரு சொல்லுங்க'ன்னு வாங்கித் தட்டிருவேன். வேகமா வேலை பாக்கறேன்னு சூப்பர்வைசரு பாராட்டுவாரு. அப்பறம் அதுங்களுக்கெல்லாம் போனு வந்துச்சு, ஆதார்ல இருக்கற நம்பரை ஆரு மாத்துனாங்க? எத்தனை பொம்பளைங்களுக்கு இந்தக் கையி அப்பிடித் தட்டியிருக்கும்னு எனக்கே தெரியாது. உலகத்துல வேற ஆருக்குத் தெரியாட்டியும் எனக்குத் தெரிஞ்சிருக்கோணும். தெரியும். 'நீ ஆரு நம்பரு குடுத்திருக்கே கண்ணு?'ன்னு ஒரு வார்த்தை நான் கேக்கலைங்க.

கேட்டிருந்தா அவ வேண்டாம்னு போயிருப்பா. அவ போனாப் பாதிப் பேரு அவ பின்னால போயிருப்பாளுங்க. உள்ளறை மூடிருக்கும். அதை நெனச்சுட்டு வேணும்னே கேக்காம இருந்தேன்னு சொல்லாதீங்க. அப்பிடியெல்லாம் நெனைக்கலை. ஒண்ணுமே நெனைக்கலை. கேக்கலை, அத்தனைதான்.

அது ஒரு ஞாயித்துக்கெழமை காத்தால. கம்பெனியில ஒரு வீடியோ கூட்டம் வெச்சிருந்தாங்க. பல ஊருலயிருந்து பல பேரு, எல்லாம் இங்கிலீசு. நடுவுல ரித்திகா, 'இப்ப துளசிமணி மேம் பேசுவாங்க, அவங்க ரூம்லதான் நெறையப் பேரு ஆதாரம் குடுத்திருக்காங்க'ன்னா. நான் நல்ல சேலை கட்டிட்டு, போனை டப்பா மேல சாய்ச்சு வெச்சுட்டு உக்காந்திருக்கேன். பேச வாயத் தொறக்கறேன், போனு மேலாக்குல ஒரு மெசேஜ் வந்து எறங்குது. கொழுஞ்சி. 'அக்கா, எனக்கு வரலீங்க்கா. அவரு போனு அடிச்சுது.'

வெரல்ல அதைத் தள்ளி உட்டுட்டுப் பேசுனேன். 'எல்லாருக்கும் வணக்கமுங்க'ன்னேன். அடுத்தது வருது. 'அவரு குளிச்சுட்டு இருக்காரு. போன் மேலயே தெரியுதுங்க்கா. கொழுஞ்சின்னு பேரு போட்டு வந்திருக்குது, அந்திமல்லின்னும் போட்டிருக்குது. லாக் தெரியலீங்க்கா.' பாருங்க, அந்தக் கம்பெனி என்ன பண்ணிருச்சுன்னு. ஓடிபிய மட்டும் அனுப்பக் கூடாதுங்களா? 'வணக்கம் கொழுஞ்சி, அந்திமல்லிக்கு நல்வரவு'ன்னு மரியாதையா வேற அனுப்பிருக்குது. அதையும் தள்ளி உட்டேன். மூணாவது வந்துச்சு. 'என்ன பண்ணட்டுமுங்க்கா?'

நானு என்ன சொல்லியிருக்கோணும்? போனை ஆஃப் பண்ணு. கீழ போட்டு ஒடை. தண்ணித் தொட்டியில போடு, கை தவறிருச்சுன்னு சொல்லு. எதையாவது சொல்லியிருக்கோணுமா இல்லையா? கை தட்டிட்டு இருந்தாங்க அம்மிணி. எனக்கு. எம் மூஞ்சி அந்தச் சின்னக் கட்டத்துல சிரிச்சுட்டு இருந்துச்சு. அந்த மூஞ்சிய நானே பாத்துட்டு இருந்தேன்.

கூட்டம் முடிஞ்சதும், 'போனை ஆஃப் பண்ணிரு கண்ணு'ன்னு அனுப்பிச்சேன். அதை அவ இன்னிக்கி வரைக்கும் படிக்கலை. ஒரு ஆம்பளைக்குக் குளிக்கறதுக்கு எத்தனை நேரமுங்க ஆகும்?

ரித்திகாகிட்ட அழுதேன். அவ கதையெல்லாம் எடுத்துரு, பேரை அழிச்சுரு, உனக்குப் புண்ணியமாப் போகும்னு கெஞ்சுனேன். 'சாரி மேம், அக்கவுண்ட் யாரோடதோ அவங்கதான் அழிக்க முடியும், அவங்க பாதுகாப்புக்காகத்தான்'ங்கறா. எப்பிடி அழிக்கறதுன்னேன். 'ஓடிபி வரும் மேம், அதைப் போடணும்.' அது எந்தப் போனுக்கு வரும்னேன். 'ஆதார்ல இருக்கற நம்பருக்கு மேம்.' மேம் மேம்னு சொல்லியே கொன்னுட்டா. அதுக்கும் அந்தப் புள்ளையக் குத்தம் சொல்லி என்ன பண்றது? அவ பாட்டுக்கு எழுதிக் குடுத்ததைப் படிக்கறா. அந்த மலேசியாக்காரரு விக்காம இருந்திருந்தா இது வந்திருக்குமா? கொழுஞ்சியாவது அவ பேருல ஒரு நம்பரு போட்டு வெச்சிருக்கக் கூடாதா? இல்லீங்க, அவளைச் சொல்லக் கூடாது. அவளைச் சொன்னா என் வாய் வெந்து போயிரும்.

அந்தக் காவல் வேலைய உட்டுட்டேன். உட்டுட்டேன்னா, எம்பேரு இன்னும் அங்கதான் இருக்குது. உள்ள போய்ப் பாக்கோணுமில்லீங்க, அவ ஏதாச்சும் எழுதுனாளான்னு. லைட்டுக் கதை அப்பிடியே கெடக்குது. அவரு படிச்சிருப்பாரோ, படிச்சுட்டு மனசு எளகி லைட்டைப் போட்டிருப்பாரோன்னு கூட ஒரு நா நெனச்சேன். எனக்கு வேண்டிய மாதிரி நெனச்சுக்கறேன், வேற என்ன?

அப்பறந்தான் சூப்பர்வைசருகிட்டச் சொல்லி இந்த ஊருக்கு மாத்தி வாங்கிட்டு வந்தேன். 'எல்லாரும் சொந்த ஊருக்குக் கேப்பாங்க, நீ எதுக்கம்மா காத்தடிக்கிற ஊருக்குக் கேக்கறே'ன்னாரு. எனக்குக் காத்து வேணும்னேன். கணக்கு இதுதானுங்க. அவ என்னைக்காச்சும் நம்பரை மாத்தத்தான் வேணும். மாத்தறதுன்னா இங்கதான் வரோணும். வந்தா, பேசிட்டே இருக்கையில மாத்திக் குடுத்துருவேன். அப்பறம் அந்த அழிக்கற ஓடிபி அவ போனுக்கே வரும். இங்கயே உக்காந்து ரெண்டு பேரும் அத்தனையும் அழிச்சுப் போடலாம். என்னைய ரெண்டு அறை அறைஞ்சாக்கூட வாங்கிக்குவேன். பேசாமப் போனாத்தான் தாங்க மாட்டேன்.

அதனாலதான் வர்ற பொம்பளைங்ககிட்டயெல்லாம் சொல்றேன். நீங்கதானா அதுன்னு நேராக் கேக்க மாட்டேன். ஆமான்னா வாயத் தொறக்க வேண்டாம், தலைய மட்டும் ஆட்டுங்க.

இல்லீங்களா?

செரி. அழுகாதீங்க. அவ இல்லைன்னா எதுக்கு அழுகறீங்க? நல்ல காரியத்துக்குத்தான வந்திருக்கீங்க. தைரியமா வந்துட்டீங்கல்ல, அதுவே பெரிசு. வூட்டுக்காரரையும் கூட்டிட்டே வந்துட்டீங்க, அதைவிட என்ன வேணும்?

அட, வந்துருச்சு பாருங்க சர்வர். கார்டைக் குடுங்க. வெரலை இதுல வைங்க. எடுக்கலை. முந்தானையில தொடைச்சுட்டு வைங்க, வேர்த்திருக்குது. ம், எடுத்துக்குச்சு. இப்ப இருக்கற நம்பரு முடியறது நாப்பத்தொண்ணு. இது அவரோடதுதான? இல்லீங்களா?

உங்களுதா?

உங்க சொந்த நம்பரே இருக்குதே. அப்பறம் எதை மாத்தறதுக்கு வந்தீங்க?

மெல்லச் சொல்லுங்க. காது கேக்குது, சொல்லுங்க. அவரு நம்பரையா? இதை எடுத்துட்டு அவரு நம்பரைப் போடறதா? அவருதான் சொல்லிக் கூட்டிட்டு வந்தாரா?

அய்யோ. வந்ததுலயிருந்து இதைத்தான் சொல்ல வாயத் தொறந்தீங்களா? நாந்தான் பேச உடலை. ஒரு வார்த்தை கேக்கலை உங்களை. என்ன ஜென்மமோ நானு.

இங்க பாருங்க. சர்வர் மறுக்காப் போயிருச்சுன்னு சொல்லிர்றேன். நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிர்றேன். நாளைக்கும் போயிரும், அடுத்த நாளும் போயிரும், எங்கிட்ட அதுக்கா பஞ்சம்? நான் வெளிய போய் அவருகிட்டப் பேசறேன், நீங்க இங்கயே உக்காருங்க. வேண்டாமா? கையை உடுங்க அம்மிணி, நான் போகலை, உக்காந்துட்டேன். போட்டுருங்கறீங்களா? மாத்தாமப் போனா வூட்டுல என்ன பண்ணுவாரு? செரி, சொல்ல வேண்டாம். சொல்லாமலே தெரியுது. நீங்க யோசிச்சுத்தான் சொல்றீங்களா? வேற ஒரு வழியும் இல்லைங்கறீங்களா?

செரி. போன தடவை நானா ஒரு முடிவு எடுத்துட்டு, அந்தப் புள்ளை தலையில கட்டுனேன். இந்தத் தடவை நீங்க சொல்றதைக் கேக்கறேன். கேட்டாலும் பாவந்தான், கேக்காட்டியும் பாவந்தான் போல. நம்பரைச் சொல்லுங்க. இன்னொருக்காச் சொல்லுங்க. தட்டிட்டேன்.

வெளிய அடிக்குது பாருங்க, அவரு போனு. வந்துட்டாரு. கண்ணைத் தொடைச்சுக்குங்க, சீக்கிரம்.

வாங்கண்ணா, வாங்க. ஓடிபி வந்திருக்குதுங்களா? அப்பிடியே படியுங்க. ஏழு. ம். ரெண்டு. அப்பறம்? ஒம்பது. செரீங்க. ஆயிருச்சுங்கண்ணா. இல்லீங்க, சர்வர் இல்லாம உக்காந்திருந்தோம், சும்மா சமையல் பேச்சுத்தான். அவங்க போனுக்குங்களா? இல்லீங்கண்ணா, வராது. பேங்கு, கேஸு, எங்கயிருந்து எது வந்தாலும் இனிமே ஒண்ணு விடாம உங்களுக்கே வந்துருமுங்க.